பபூன் வாசித்த பட்டியல்

திருவிழா நாடகத்துக்கு வந்த பபூன் செவந்தியப்பனிடம் ஊர்ப் பெரியவர் கோதண்டபாணி ஒரு தாளை நீட்டினார்.

"ஊரே சிரிக்கணும். ஆனா இதுல இருக்கிற ஒருத்தரையும் நீ கேலி பண்ணக் கூடாது. மீறினா இந்த ஜில்லாவுல உனக்கு மேடையே கிடையாது."

"உத்தரவுங்க. வணக்கமாவது சொல்லலாமா?"

"தாராளமா சொல்லு."

செவந்தியப்பன் மேடையேறித் தாளைப் பிரித்தான்.

"கேலி செய்யக் கூடாதவர்களுக்கு என் வணக்கம்! முதலாவது, ரேஷன் கடைக்காரர்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இரண்டாவது, ஏரியை அளந்த சர்வேயர். மூன்றாவது, சர்வேயரின் மச்சான்."

பந்தலே அதிர்ந்தது.

"கடைசியாக, இதை எழுதித் தந்த பெரியவர் கோதண்டபாணி!"

கோதண்டபாணி துள்ளி எழுந்தார். "யோவ், என்னையே கேலி பண்றியா?"

"வணக்கம்தாங்க சொன்னேன். சிரிச்சது ஊருங்க."



ஒப்பனை அறையில் ஆர்மோனியக்காரர் இஸ்மாயில், "ஜெயிச்சுட்டீங்கண்ணே!" என்று கையைப் பிடித்தார்.

செவந்தியப்பன் அரிதாரத்தைத் துடைத்தான்.

"ஊருக்கு ஊர் இப்படித்தான் தாள் குடுத்தாங்க, தம்பி. எதுலயும் என் பொண்டாட்டி பேர் இல்ல. அதனால இருபது வருஷமா அவளை மட்டும் கேலி பண்ணியே எல்லாரையும் சிரிக்க வச்சேன். இப்படி வாசிக்கலாம்னு, அவ செத்து ஒரு வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தோணுது."