தொப்பி பிடித்த இடம்

ஒரே ஒரு சீமையிலே, சிம்மாசனத்தில் ராணி உட்கார்ந்திருக்க, ராஜ்யத்தைப் பார்லிமெண்ட்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலே, சர் லயனல் டன்பரி என்று ஒரு பிரபு இருந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் அவர் நிலம்தான். லண்டன் பார்லிமெண்டிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு. அத்தனை வருஷத்தில் அங்கே அவர் வாய் திறந்தது ஒரே தடவை. "யாராவது அந்த ஜன்னலைச் சாத்துங்களேன், குளிர் தாங்கலை" என்றார். அதையும் யாரும் சாத்தவில்லை.

அவருடைய பண்ணையைக் கவனித்துக்கொண்ட காரியஸ்தன் பெயர் நெட் பார்லோ. பிரபு லண்டனில் இருக்கும்வரை அவன் புலி. பிரபு ஊருக்கு வந்துவிட்டால் பூனைக்குட்டி.

ஊருக்குக் கிழக்கே ஒரு புல்வெளி. அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது. ஏழைசாழைகள் அங்கேதான் மாடும் வாத்தும் மேய்த்தார்கள். விதவை மார்த்தாவுக்கு அவளுடைய வாத்துகளை விட்டால் வேறு பிழைப்பே கிடையாது.

ஒருநாள் சாயங்காலம் பிரபு லண்டனிலிருந்து வந்து இறங்கினார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவுடனேயே உத்தரவு பிறந்தது.

"பார்லோ, அந்தப் புல்வெளியை வளைச்சு வேலி போடு. என் குதிரைகளைப் பழக்க இடம் வேணும்."

"பிரபுவே, ஊர்ச் சனங்க அதை நம்பித்தான்..."

"நாளைக்குக் காலையிலே வேலி நிக்கணும். இல்லேன்னா நீ இங்கே நிக்க மாட்டே."

மார்த்தாவின் முகமும் தன் பெண்டாட்டியின் முகமும் மாறி மாறி நெட்டின் கண்முன் வந்தன. பிரபுவின் கோப்பையில் ஒயினை ஊற்றினான்.

இரண்டு கோப்பை உள்ளே போனதும் பிரபுவுக்கு வாய் கொழுத்தது. "பார்லிமெண்டிலே இப்போ கூட்டம் நெரியுது, பார்லோ. காலையிலேயே போய் பெஞ்சிலே தொப்பியை வச்சிடணும். வச்சிட்டா அந்த இடம் நம்மது."

"யாராவது தொப்பியைத் தள்ளிட்டு உட்கார்ந்துட்டா?"

"மந்திரியே வந்தாலும் தொடக்கூடாது! ஆனா தலையிலே போடற சொந்தத் தொப்பியா இருக்கணும். அதை வச்சவன் வெறுந்தலையோட அங்கேயே சுத்தணும். நான் விடுவேனா? ரெண்டு தொப்பி வாங்கிட்டேன்! ஒண்ணு இப்பவும் அங்கே பெஞ்சிலே உட்கார்ந்திருக்கு. இன்னொண்ணைப் போட்டுக்கிட்டு நான் இங்கே வாத்துக்கறி சாப்பிடறேன்!"

"கண்டுபிடிச்சிட்டா?"

"இடம் போயிடும். மானமும் போயிடும். யார் சொல்லப்போறா?" என்று கண்ணடித்தார் பிரபு.

நெட்டும் சிரித்தான். சாப்பாடு முடிந்ததும் அவன் போனது படுக்கைக்கு அல்ல, மார்த்தா வீட்டுக்கு.

விடிந்தது. வேலிக்கட்டையோடு வந்த ஆட்கள் திகைத்து நின்றார்கள். புல்வெளி முழுக்கத் தொப்பி! வைக்கோல் தொப்பி, கம்பளித் தொப்பி, கைக்குழந்தையின் குல்லாய்கூட. ஒரு தொப்பிக்குள் வாத்து சொகுசாக உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் ஊரே வெறுந்தலையோடு நின்றது.

பிரபு குதிரையில் பாய்ந்து வந்தார். "இதென்ன தொப்பிச் சந்தை?"

"இடம் பிடிச்சிருக்காங்க, பிரபுவே," என்றான் நெட் பணிவாக. "வேலிக்கட்டை நடணும்னா தொப்பியைத் தொடணும். மந்திரியே தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கூலிக்காரன் எப்படித் தொடுவான்?"

"அது பார்லிமெண்டுக்கு!"

"சட்டம் பண்ற இடத்துலயே அதுதான் சட்டம்னா இங்கேயும் செல்லும்னு நினைச்சிட்டாங்க. அறியாத சனங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரபுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தலையிலிருந்த பட்டுத் தொப்பியைக் கழற்றிப் புல்வெளியின் நடுவே வீசினார்.

"இதோ, என் தொப்பியும் வந்தாச்சு! பிரபுவோட தொப்பி வந்தா மத்த தொப்பியெல்லாம் எழுந்து வழிவிடணும். எடுங்கடா எல்லாத்தையும்!"

சிரிப்பு அடங்கியது. மார்த்தா தன் வாத்தை இறுக அணைத்துக்கொண்டாள். எல்லோரும் நெட்டைப் பார்த்தார்கள்.

நெட் நிதானமாகப் போய்க் குனிந்து அந்தப் பட்டுத் தொப்பியை உற்றுப் பார்த்தான்.

"பிரபுவே, இது உங்க சொந்தத் தொப்பிதானா?"

"பின்னே உன்னுதா?"

நெட் குதிரையருகே வந்து, பிரபுவின் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "அப்போ லண்டன் பெஞ்சிலே உட்கார்ந்திருக்கிறது யாரோட தொப்பி?"

யாருக்காவது கேட்டுவிட்டதா என்று பிரபு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அதுதான் சொந்தத் தொப்பின்னா, இது சும்மா. இங்கே செல்லாது. இதுதான் சொந்தம்னா, அது சும்மா. அங்கே இடம் போச்சு. நீங்களே சொல்லுங்க, பிரபுவே. புல்லா, பெஞ்சா?"

பிரபு முறைத்தார். முறைப்பு மீசையில் நடுங்கியது. பிறகு குதிரையே மிரளும்படி விழுந்து விழுந்து சிரித்தார்.

"பெஞ்சுதான்டா, படுபாவி! அந்தத் தொப்பியை நீயே வச்சுக்கோ. வேலிக்கட்டையை மார்த்தாவுக்குக் கொடு, வாத்துக்குக் கூண்டு கட்டட்டும்." குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஊர்ச் சனங்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஆனால் தொப்பியை மட்டும் ஒருத்தரும் எடுக்கவில்லை. பிரபு இன்னும் ஒரு வாரம் ஊரில்தானே இருக்கப்போகிறார்! நெட்டும் அந்தப் பட்டுத் தொப்பியை அது விழுந்த இடத்திலேயே நிமிர்த்தி வைத்துவிட்டு, தூறலில் வெறுந்தலை நனைய நனைய வீட்டைப் பார்த்து நடந்தான்.