கேட்காத அலையின் அளவு

"நாலு வருஷம் மேடம். ஒண்ணுமே கேக்கல," என்றார் வீரபாகு.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மின்வாரிய வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி நூர்நிஷாவுக்கு முப்பத்தெட்டு.

வீரபாகு பின்தொடர்ந்தது ஒரு நியூட்ரான் விண்மீனை. சூரியனைவிடக் கனம், அகலமோ ஒரு நகரத்துக்குள் அடங்கிவிடும். ஓயாமல் சுழலும். எப்போதாவது உள்ளே ஏதோ நழுவ, சட்டென்று வேகம் கூடும்.

அந்த நழுவலில், வெளியையே நெளியவைக்கும் ஈர்ப்பலை கிளம்ப வேண்டும். கிளம்பினால் பூமியில் இருக்கும் கருவி துளி அசையும். அந்த அசைவைப் பதிவுகளில் தேடுவதுதான் வீரபாகுவின் வேலை.

மாதக் கடைசியில் ஆய்வுக் குழு கூடுகிறது. வெறுங்கையோடு போனால் மூட்டை கட்டச் சொல்வார்கள். இந்த வயதில் இவனுக்கு எதற்கு இது என்று கேட்டவர்கள் வாயில் சர்க்கரை போட்டதாகிவிடும் என்று புலம்பினார்.

நூர்நிஷா ஆறுதல் சொல்லவில்லை. பதிவுகளை மறுபடி அனுப்புகிறேன், முதலிலிருந்து தேடுங்கள் என்றார்.

ஐந்தாம் நாள் வீரபாகு ஓடி வந்தார்.

கிடைத்துவிட்டது. மூன்றாவது நழுவலுக்கு அரை நொடி கழித்து. கருவியின் இரைச்சலா, பக்கத்துச் சாலையில் போன லாரியா, எல்லாம் பார்த்தாயிற்று. அவை எதுவும் இல்லை.

"உறுதியா சார்?"

"எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

"அத வச்சது நான்," என்றார் நூர்நிஷா.

பொய் அலை. வீரபாகுவுக்குத் தெரியாமல் பதிவில் கலந்தது.

வீரபாகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வயசான மாணவன் என்றால் உங்களுக்கு விளையாட்டாகப் போய்விட்டதா என்று கேட்டார்.

"இன்னும் சின்னதா வைக்கட்டுமா?"

"வைங்க," என்றார், கோபம் தணியாமல்.

நூர்நிஷா வைத்தார். வீரபாகு கண்டுபிடித்தார். அதைவிடச் சின்னது. அதையும் பிடித்தார். ஆறாவது, புரோட்டானின் அகலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அசைவு. இரண்டு நாள் ஆயிற்று, அதையும் விடவில்லை.

ஏழாவது மட்டும் அகப்படவில்லை.

நூர்நிஷா, வீரபாகு பிடித்ததிலேயே சின்னதான அந்த ஆறாவதின் அளவை ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டினார்.

குழுவில் ஒரு பேராசிரியர் சிரித்தார். நாலு வருஷம் காதைத் தீட்டி வைத்தும் ஒன்றும் கேட்கவில்லை, இதைச் சொல்ல ஒரு ஆய்வேடா என்றார்.

வீரபாகு எழுந்து நின்று அந்த அளவைச் சொன்னார்.

"கருவி இவ்வளவு அசைஞ்சிருந்தா, சார், எனக்குத் தெரியாமப் போயிருக்காது."