கம்பு இல்லாதவனுக்கு ஒரு கம்பு

மொட்டப்பாறை என்று ஓர் ஊர். கடவுள் மூளையைப் பங்கு வைத்த அன்று ஊரே சந்தைக்குப் போயிருந்தது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தங்கமான மனிதர்கள்.

மாடு களவு போகிறதென்று தவசி, மூக்கன், சடையன், வேலாண்டி என்ற நாலு பேரைக் காவலுக்கு வைத்தார்கள். சிலம்பம் பழக்க வெளியூரிலிருந்து ஓர் ஆசான் வந்தார். ஒரு மாதம் பழக்கிப் பார்த்தவர், இவர்கள் கையில் கம்பு இருப்பது ஊருக்கே ஆபத்து என்று பயந்து, புறப்படும்போது நாலு சட்டம் சொல்லிவிட்டுப் போனார். "கம்பு இல்லாதவனை அடிக்காதே. முதல் அடி நீ அடிக்காதே. வாங்கினதுக்கு மேலே கொடுக்காதே. முதுகு காட்டினவனைத் தொடாதே."

நாலு பேரும் ஆளுக்கொரு சட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

மறு வாரம், ஊர் உண்டு உறங்கும் உச்சிவெயிலில், ஒரு திருடன் சிட்டம்மாவின் எருமையை அவிழ்த்தான். சிட்டம்மாவுக்குப் புருஷன் இல்லை, நிலம் இல்லை. அந்த எருமைப் பாலை விற்றுத்தான் மூன்று பிள்ளைகளுக்குக் கஞ்சி. அவள் போட்ட கூச்சலில் நாலு பேரும் ஓடிவந்து திருடனை வளைத்துக்கொண்டார்கள்.

"நில்லுங்கப்பா! அவர் கையில கம்பு இல்லையே," என்றான் தவசி.

உண்மைதான். கயிறுதான் இருந்தது. கூடிப் பேசி முடிவெடுத்து, தவசி தன் கம்பையே திருடனிடம் கொடுத்தான். எண்ணெயில் ஊறவைத்த நல்ல கம்பு. மட்டமானதைக் கொடுத்தால் அதர்மம் அல்லவா?

"இப்பவாவது அடிங்கடா!" என்று கத்தினாள் சிட்டம்மா.

"அவசரப்படாதே அக்கா. முதல் அடி அவருது," என்றான் மூக்கன். "அண்ணே, நீங்க ஆரம்பிங்க."

திருடன் மூக்கன் மண்டையில் ஒன்று வைத்தான். மூக்கன் கண்கலங்க, "சுத்தமான சண்டை," என்று மெச்சினான்.

சடையன் குறுக்கே வந்தான். "எவ்வளவு வாங்கினே? சரியாச் சொல்லு. கூடக் கொடுத்தா பாவம்."

"நல்லா வலிக்குதுப்பா."

"வலிக்கிறது உனக்கு. கொடுக்கப் போறது நான். எனக்கு எப்படி அளவு தெரியும்? அண்ணே, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு."

திருடன் குறை வைக்கவில்லை. சாட்சி பலமாக இருக்கட்டும் என்று தவசியும் வேலாண்டியும் கூடத் தலையைக் கொடுத்தார்கள். அளவு நாலு பேருக்கும் நன்றாகப் பதிந்தது. சடையன் கம்பை ஓங்கினான். அதற்குள் திருடன் எருமையை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தான்.

"முதுகு! முதுகு!" என்று அலறினான் வேலாண்டி. ஓங்கிய கம்பு அப்படியே நின்றது.

முன்னால் போய் மறிக்கலாமே என்று கேட்பீர்கள். ஆசான் அப்படி ஒரு சட்டம் சொல்லவில்லையே! நாலு பேரும் பின்னாலேயே போனார்கள்.

"அண்ணே, கொஞ்சம் திரும்புங்க. ஒரே ஒரு அடிதான்."

"நேரமாச்சு தம்பி," என்றான் திருடன். இப்படியே ஊர் எல்லையும் வந்துவிட்டது.

சிட்டம்மாவுக்கு எந்தச் சட்டமும் தெரியாது. தயிர் மத்தோடு ஓடிவந்து திருடன் பிடரியில் ஒரு போடு போட்டாள். அவன் கம்பையும் கயிற்றையும் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தான். எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள்.

நாலு பேரும் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அக்கா, அவர் உன்னை அடிச்சாரா?" என்றான் மூக்கன்.

"இல்லையே."

"அப்ப முதல் அடி உன்னுது. அதுவும் முதுகுப் பக்கம். ஊர் மானமே போச்சு!"

அந்த அடியைத் திருப்பி வாங்கினால்தான் மானம் மீளும் என்று முடிவாயிற்று. "அண்ணே, ஒரு அடி அடிச்சுட்டுப் போங்க!" என்று கம்பை நீட்டிக்கொண்டு நாலு பேரும் துரத்தினார்கள். திருடன் மூன்று ஊர் தாண்டித்தான் மூச்சு விட்டானாம். அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

பங்குனித் திருவிழாவுக்கு ஆசான் வந்தார். நடந்ததைச் சொல்லி, கம்பை அவர் கையில் கொடுத்து, நாலு பேரும் தலையை நீட்டினார்கள். "அவருக்குப் பதிலா நீங்களே அந்த ஒரு அடியை அடிச்சிடுங்க, ஆசானே. மனசு ஆறலே."

ஆசான் மனம் நிறைய ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

நாலு பேரும் கும்பிட்டார்கள். பிறகு சடையன் விரல்விட்டு எண்ணினான்.

"ஆசானே, ஒண்ணுதான் கேட்டோம். மூணு கூடக் கொடுத்துட்டீங்க. கம்பும் உங்க கையில இருக்கு. முதல் அடியும் உங்களுது. அளவும் எங்களுக்குத் தெரியும்."

ஆசான் சட்டென்று முதுகைக் காட்டினார். அப்படியே ஏழு மைல் நடந்து வீடு போய்ச் சேர்ந்தார். "ஆசானே, கொஞ்சம் திரும்புங்க, மூணே மூணு அடிதான்," என்று கெஞ்சிக்கொண்டே நாலு பேரும் பின்னால் போனார்கள். இன்னும் அவர் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆசான் குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறாராம்.