முன்னே ஓடியவள்

எறும்புகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், அவை இப்படி வரிசை பிடித்துப் போனதில்லை. போவதற்கு இடம் இருந்தால்தானே? குளக்கரையில் ஒரு புற்று, அதைச் சுற்றி முன்னோர் நடந்து தேய்த்த நாலு முழ மண். அவ்வளவுதான் உலகம். கால்படாத மண்ணில் கால் வைத்தால் குலம் அழியும் என்பது கட்டுப்பாடு. யார் சொன்னது என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

பூவாயி மட்டும் கேட்டாள். அவளுக்குக் காலில் சக்கரம். உட்காரச் சொன்னால் நிற்பாள். நிற்கச் சொன்னால் எல்லைவரை ஓடி, மீசையை நீட்டி அந்தப் பக்கத்தை மோந்து பார்ப்பாள். முட்டைகளைக் காத்துவந்த அவள் அக்கா காத்தாயிக்கு இவளாலேயே பாதி உயிர் போயிற்று.

ஐப்பசி மழை நாலு நாள் அடித்து ஓய்ந்தது. மழை விட்டும் ஓடைகள் விடவில்லை. குளம் ஏறிக் கீழறைக்குள் தண்ணீர் வந்தது. காத்தாயி முட்டைகளை மேலறைக்கு ஏற்றினாள். அதற்கு மேல் அறை இல்லை.

"அந்தப் பனையடி மேட்டுக்கு ஓடிரலாம்க்கா" என்றாள் பூவாயி.

"நடுவுல கெடக்குறது கால்படாத மண்ணுடி. பெரியாத்தா விடமாட்டா."

"முட்டையெல்லாம் மிதக்கப்போகுது. பெரியாத்தா வந்து நீச்சல் சொல்லிக் குடுப்பாளா?"

சொல்லிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தவள் ஒரு முட்டையை இடறிவிட்டாள். அது தண்ணீருக்குள் உருண்டது. காத்தாயிக்கு வந்ததே கோபம்.

"எங்கயாவது போய்த் தொலை. இனி எம்மூஞ்சில முழிக்காத."

பூவாயி போய்விட்டாள்.

தண்ணீர் மேலறையைத் தொட்டபோது காத்தாயி வாசலுக்கு ஓடிவந்தாள். எல்லைக்கு அப்பால் ஈர மண்ணில் தங்கையின் வாசனை. கோடு இழுத்ததுபோல் பனையை நோக்கிப் போயிற்று. வயிற்றை மண்ணில் தேய்த்துக்கொண்டே ஓடியிருக்கிறாள்.

வாசலை மறித்து நின்றாள், புற்றுக்கே மூத்தவளான பெரியாத்தா. "கால்படாத மண்ணு, தெரியுமில்ல?"

"மோந்து பாருங்க பெரியாத்தா. பட்ட மண்ணு. எந்தங்கச்சி காலு பட்ட மண்ணு."

கிழவி குனிந்து மோந்தாள். பிறகு ஒரு முட்டையைத் தானே தூக்கிக்கொண்டாள். வாசனைக் கோட்டைவிட்டு ஒரு மயிரிழை விலகினாலும் கால்படாத மண் அல்லவா? அதனால் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் போனார்கள். முட்டைகள் பனையடிப் பொந்துக்குள் சேர்ந்தன.

பூவாயி அங்கே இல்லை. அவள் வாசனை பனையைச் சுற்றி, மறுபக்கம் இறங்கி, வாய்க்கால் விளிம்பில் நின்றுவிட்டது. ஒரு மேடு போதும் என்று நிற்கிறவளா அவள்? அடுத்ததைத் தேடிப் போயிருப்பாள் என்று காத்தாயி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மனம் ஒரு நொடி நிற்கவில்லை. வரிசையில் எதிர்ப்பட்ட ஒவ்வொருத்தியையும் மறித்து, முகத்தோடு முகம் வைத்துக் கேட்டாள்.

"எந்தங்கச்சியப் பாத்தியா?"

"இல்லக்கா."

பேரைச் சொன்னால் அக்கா அழுவாள் என்று மற்றவர்கள் பூவாயியை 'முன்னோடினவ' என்றார்கள். யாரும் போகாத வழியில் முதலில் போய், ஓர் ஊரையே பின்னால் வரவைக்கிறவரை நாம் முன்னோடி என்பது அதிலிருந்து வந்ததுதான்.

அன்று முதல்தான் எறும்புகள் வரிசையாகப் போகின்றன. எதிரே வருகிறவளை மறித்து முகத்தோடு முகம் வைத்துக் கேட்கின்றன. இல்லை என்றதும் ஓடிப்போய் அடுத்தவளைக் கேட்கின்றன.