எத்திராஜின் பழைய பெட்டி

மனித மனசுக்கே எட்டாத மூன்று பாத்திரங்களைப் படைத்துவிட்டதாகத் தயாரிப்பாளரிடம் அளந்துகொண்டிருந்தார் டைரக்டர் பிரகதீஸ்வரன்.

"கதையை நான் எவனுக்கும் சொல்லலை. உங்க காஸ்ட்யூமர் எத்திராஜோட பழைய துணிப்பெட்டி இதுக்கு உதவாது. ஆளை வீட்டுக்கு அனுப்புங்க."

எத்திராஜ் முன்னால் வந்தார். "கதை கேக்காமலே மூணு பேருக்கும் துணி எடுக்கறேன் சார். ஒண்ணு தப்பினாலும் நானே கிளம்பிடறேன்."

டைரக்டர் சிரித்தார். எத்திராஜ் பெட்டியைத் திறந்தார்.

முதலில் கிழிந்த சட்டை. "இது, தான் யாருன்னே தெரியாம குப்பத்துல வளர்ற பெரிய வீட்டுப் பிள்ளைக்கு."

அடுத்து வெள்ளைத் தாடி. "இது, அவனுக்கு வித்தை சொல்லிக் குடுத்துட்டு இடைவேளைக்கு முன்னாடி செத்துப்போற பெரியவருக்கு."

கடைசியாகக் கறுப்புக் கோட்டு. "இது வில்லனுக்கு. கூடப்பிறந்த அண்ணன்னு கிளைமாக்ஸ்லதான் தெரியும்."

டைரக்டர் முகம் வெளுத்துவிட்டது. "எவன்டா என் கதையை வெளியே விட்டது?" என்று கத்தினார்.

தயாரிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"யாரும் விடலை சார்," என்றார் எத்திராஜ், கோட்டை மடித்தபடி. "டிக்கெட் வாங்கற ஒவ்வொருத்தர் மனசுக்குள்ளேயும் பிறக்கும்போதே இந்தப் பெட்டி இருக்கு. என்னுதுல அந்துருண்டை வாசனை கூட வரும், அவ்வளவுதான்."