ஊசிக்குளத்தார் ஹாக்கி டீம் கட்டிய கதை

ஊசிக்குளத்து ஆட்களைக் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. விஷயம் தெரிந்தவர்கள் எதைச் சொன்னாலும் அதைச் சொன்னபடியே செய்வார்கள். ஒரு எழுத்துக்கூட மாற்ற மாட்டார்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

ஊருக்கு ஒரு ஹாக்கி டீம் உண்டு. பக்கத்துக் கீழமுத்தூரில் கோயில் கொடைத் திருவிழாவை ஒட்டி நடக்கும் கோப்பைப் போட்டியில் ஒன்பது வருஷமாக ஆடுகிறார்கள். ஒன்பது வருஷமும் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. அடித்த கோல் மொத்தம் ஒன்று. அதையும் தங்கள் கோலுக்குள்ளேயே அடித்தார்கள். கோல் கோல்தானே என்று அன்றைக்கு ஊரில் வெடி போட்டார்கள்.

பத்தாவது வருஷம் கீழமுத்தூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘இந்தத் தடவையாவது எதிராளி கோலில் ஒரு கோல் போடாவிட்டால் உங்கள் ஊர்ப் பெயரை எடுத்துவிடுவோம்.’

ஹாக்கிக் கழகத் தலைவர் கொம்பையா அதைச் சத்தமாகப் படித்தார். அவர் உரக்கடை வைத்திருப்பவர். கேப்டன் சீனிராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பேரை எடுத்துட்டா ஊருக்கு வேற பேரு வைக்கணுமே அண்ணாச்சி. பஸ் போர்டுல என்னன்னு எழுதுவான்?”

“ஒண்ணும் எழுத மாட்டான். வெறும் போர்டோட வருவான். நாம எந்த பஸ்ல ஏறுறது?” என்றார் கொம்பையா.

செயலாளர் வெயிலுகந்தான் தீர்மான நோட்டைத் திறந்து, ‘பஸ் விஷயம் கவலைக்கிடம்’ என்று எழுதிக்கொண்டார்.

நல்ல வேளையாக, திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஊர்க்காரர் ஒருவர் சேதி கேள்விப்பட்டு ஒரு லட்சம் ரூபாய் அனுப்பினார். பெரிய ஆட்டக்காரர்களாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார். சீனிராஜ் டேப் எடுத்துக்கொண்டு போய், ஆறடிக்கு மேல் இருந்த இரண்டு பேரைக் கூட்டி வந்தான். அவன் அதிர்ஷ்டம், இரண்டு பேருமே நிஜமாகவே கெட்டிக்காரர்கள். முன்னால் நின்று கோல் அடிக்கும் செல்வின் மாநில அணிக்கு ஆடியவன். காஜா மைதீன் கோல் கீப்பர். ஆளுக்கு நாற்பத்தைந்தாயிரம். பாதி முன்பணம், மீதி ஆட்டம் முடிந்ததும்.

ஆக, பதினொரு பேரில் இரண்டு பேருக்குத் தொண்ணூறாயிரம் போய்விட்டது. மீதி ஒன்பது பேரும் உள்ளூர். கையில் பத்தாயிரம் மிச்சம். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் எபனேசர் சாருக்குப் போன் போட்டார்கள்.

எபனேசர் சார் டவுனில் பெரிய பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செல்வினும் காஜாவும் அவரிடம் படித்த பிள்ளைகள்தான். காலை முறித்துக்கொண்டு மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்ததால் நேரில் வர முடியாது. போனிலும் நறுக்கென்று ஒரு பேச்சுதான். சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

“ரெண்டு பேரை மட்டும் நம்பாதீங்க. முன்னால அஞ்சு, பின்னால அஞ்சு, ரெண்டும் எடை சமமா இருக்கணும்” என்றார். வைத்துவிட்டார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எவ்வளவு பெரிய விஷயம். இத்தனை வருஷமா ஒருத்தன் இதை நமக்குச் சொல்லலியே” என்றார் கொம்பையா.

அன்றைக்கே டீமை மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அங்கேதான் மூட்டை நிறுக்கும் பெரிய தூக்குத் தராசு இருந்தது. ஒரு தட்டில் செல்வினோடு முன்னால் ஆடும் ஐந்து பேர். மறு தட்டில் பின்னால் ஆடும் ஐந்து பேர். காஜாவை நடுவில் முள்ளுக்குக் கீழே நிறுத்தினார்கள். கடை முழுக்க வத்தல் நெடி. முன்வரிசை தும்மினால் பின்வரிசை மேலே போனது. பின்வரிசை தும்மினால் முன்வரிசை மேலே போனது. ஒரு மணி நேரம் கழித்துத் தும்மல் நின்றபோது, பின்வரிசை ஏழு கிலோ குறைவு என்று தெரிந்தது.

“தோத்ததுக்குக் காரணம் பாத்தியளா? ஒன்பது வருஷமா ஏழு கிலோ!” என்றான் சீனிராஜ்.

வெயிலுகந்தான் ஏழு கிலோ வாழைப்பழம் வாங்கி வந்தார். பின்வரிசைக்காரர்கள் தட்டில் உட்கார்ந்தபடியே தின்று தீர்த்தார்கள். தராசு இன்னும் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. கொம்பையா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“கடைக்காரன் ஏமாத்திட்டான்வே. ஏழு கிலோன்னு அஞ்சு கிலோ தந்திருக்கான்.”

வெயிலுகந்தான் தராசைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். கீழே குனிந்து பார்த்தார். “அண்ணாச்சி, தோலு!” என்று கத்தினார்.

தோலையெல்லாம் பொறுக்கி ஐந்து பேர் பையிலும் திணித்தார்கள். முள் நேராக நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு ஆட்டம் முடிகிற வரைக்கும் பின்வரிசைக்காரர்கள் அந்தத் தோலைப் பையை விட்டு எடுக்கவில்லை. ஈ மொய்த்தபோதும் எடுக்கவில்லை.

மறுநாள் எபனேசர் சாரிடம் எடை சரியாகிவிட்டது என்று சொன்னார்கள். அவருக்குச் சந்தோஷம்.

“நல்லது. அடுத்து பெஞ்சு. பெஞ்சு ஸ்ட்ராங்கா இல்லேன்னா செகண்ட் ஹாஃப்ல விழுந்துருவீங்க.”

கொம்பையாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மைதானத்தில் அவர்கள் உட்காருவது பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வந்த மூன்று கால் பெஞ்சு. போன வருஷம் செகண்ட் ஹாஃபில் அதிலிருந்து அவர்தான் விழுந்தார்.

“படுத்த படுக்கையா இருக்கிற மனுசனுக்கு இது எப்படித் தெரிஞ்சுது?” என்றார்.

மிச்சமிருந்த பத்தாயிரமும் ஆசாரியிடம் போயிற்று. தேக்குப் பலகை, எட்டுக் கால், ஒவ்வொரு காலுக்கும் இரும்புப் பட்டை. இருபது மூட்டை வத்தலை ஏற்றிப் பார்த்தார்கள். அசையவில்லை. செல்வின் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

“அண்ணாச்சி, பெஞ்சு சரி. யாருக்காவது அடிபட்டா மாத்தி இறக்க ஆளு?”

“ஆளு எதுக்குத் தம்பி? பெஞ்சைப் பாத்தீங்கல்ல, ரயிலே வந்து மோதினாலும் ஒண்ணும் ஆகாது.”

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவும் செல்வினுக்கு வழியில்லை. வாங்கிய முன்பணத்தில் அவன் ஏற்கெனவே மோதிரம் எடுத்துவிட்டான். ஆட்டத்துக்கு மறுநாள் பாளையங்கோட்டையில் பெண் பார்க்கப் போக வேண்டும்.

ஆட்டத்தன்று காலையில் கடைசி யோசனை கேட்க மறுபடி போன் போட்டார்கள். எபனேசர் சார் மூக்கால் பேசினார். ஜலதோஷம்.

“இன்னமும் டீம் சேரலேன்னு கேள்விப்பட்டேன். செல்வினைச் சுத்தி டீமைக் கட்டுங்க. நல்லா இறுக்கமா இருக்கணும்.”

கொம்பையா போனை மெதுவாகக் கீழே வைத்தார். உடனே அவசரக் கூட்டம் கூடிற்று.

“எந்தக் கயிறுன்னு சார் சொல்லலியே” என்றார் வெயிலுகந்தான்.

“நைலான் கயிறு வழுக்கும். தேங்காய் நார்க் கயிறுதான் பிடிச்சு நிக்கும்” என்றான் சீனிராஜ்.

“சரிவே. ஆனா செல்வினை மட்டும் கட்டினா காஜா மைதீன் கோவிச்சுக்க மாட்டாரா? அவருக்கும் நாப்பத்தஞ்சாயிரம் பேசியிருக்கோம்” என்றார் கொம்பையா.

இதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் செல்வினைச் சுற்றி ஐந்து பேர், காஜாவைச் சுற்றி நான்கு பேர் என்று தீர்மானம் நிறைவேறியது. இடுப்பில் கட்ட வேண்டும், கை மட்டையைப் பிடிக்க வேண்டுமாகையால் கையைக் கட்டக் கூடாது என்று வெயிலுகந்தான் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அந்த ஊரில் அவர்தான் புத்திசாலி.

கயிற்றைப் பார்த்ததும் செல்வின் இரண்டடி பின்னால் போனான்.

“என்னங்க இது?”

“எபனேசர் சார் சொன்னது.”

செல்வின் காஜாவைப் பார்த்தான். காஜா செல்வினைப் பார்த்தான். எட்டாம் வகுப்பிலிருந்து சார் பேச்சை அவர்கள் தட்டியதே இல்லை. ஒரு தடவை சார் மழையில் முட்டிபோட்டு ஓடச் சொன்னார், ஓடினார்கள். மறு வருஷமே மாநில அணியில் இடம் கிடைத்தது.

“சார் சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்” என்று காஜா இடுப்பைக் காட்டினான்.

கீழமுத்தூர் மைதானத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. முதலில் எட்டுப் பேர் தோளில் பெஞ்சு வந்தது. கீறல் விழுந்துவிடும் என்று யாரையும் அதில் உட்கார விடவில்லை. கொம்பையாவும் வெயிலுகந்தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். பின்னாலேயே ஆறு பேர் ஒரு கட்டாகவும், ஐந்து பேர் ஒரு கட்டாகவும் டீம் வந்தது.

கீழமுத்தூர் கேப்டன் நடுவரிடம் ஓடினார். நடுவர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். மட்டையின் நீளம் இருந்தது, பந்தின் எடை இருந்தது. கயிற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விசில் ஊதிவிட்டார்.

காஜாவோடு சேர்த்து ஐந்து பேரும் கோல் வாயை அடைத்துக்கொண்டு சுவர் மாதிரி நின்றார்கள். கீழமுத்தூர்க்காரன் அடித்த பந்து ஒருவன் காலில் பட்டது. “அம்மா!” காலில் பட்டது தப்பு என்று நடுவர் பெனால்டி கார்னர் கொடுத்தார். அந்தப் பந்து இன்னொருவன் காலில் பட்டது. “ஐயோ!” அதற்கு ஒரு பெனால்டி கார்னர். அதுவும் காலில்தான் பட்டது. முதல் பாதி முழுக்க இதே கதை. நாற்பத்தோரு பெனால்டி கார்னர் அடித்தும் பந்து உள்ளே போகவில்லை. அடித்த ஆளுக்குத் தோள் இறங்கிவிட்டது. நடுவருக்கு விசில் ஊதி ஊதிக் கன்னம் வலித்தது. இவர்களில் எட்டுக் கால் வீங்கியிருந்தது. காஜா ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை.

இரண்டாவது பாதியில் பந்து எப்படியோ செல்வினிடம் வந்து சேர்ந்தது. அவன் முன்னால் பாய்ந்தான். இடப்பக்கத்துக்காரன் இடப்பக்கம் பாய்ந்தான், வலப்பக்கத்துக்காரன் வலப்பக்கம். பின்னால் கட்டியிருந்தவன் பழக்கதோஷத்தில் பின்னால் ஓடினான். ஆறு பேரும் நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றினார்கள். பந்து நடுவில் கிடந்தது. கீழமுத்தூர்க்காரர்கள் மட்டையை நீட்டினால் அது பன்னிரண்டு கால்களில் எதிலாவது சிக்கிக்கொண்டது.

ஐந்து நிமிஷம்தான் பாக்கி. கொம்பையா எழுந்து நின்று கத்தினார்: “எல்லாரும் ஒரே பக்கமா ஓடுங்கலே!”

சுற்றல் நின்றது.

“எந்தப் பக்கம்னு அண்ணாச்சி சொல்லலியே” என்றான் சீனிராஜ். அவன் செல்வினுக்கு வலது கைப் பக்கம் கட்டப்பட்டிருந்தான்.

“கோல் இருக்கிற பக்கம்!” என்று செல்வின் பல்லைக் கடித்தான்.

“கோல் ரெண்டு பக்கமும்லா இருக்கு.”

“அவங்க கோல்!”

“அது உங்க அபிப்பிராயம். கேப்டன்ங்கிற முறையில நான் எல்லாரையும் கேக்கணும். இந்தப் பக்கம் ஓடணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க.”

கீழமுத்தூர் ஆட்டக்காரர்களுக்கும் இதைக் கேட்க ஆசை வந்துவிட்டது. ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து மட்டையை ஊன்றி நின்றார்கள். அவர்கள் கோல் கீப்பருக்குத் தூரத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் கோலை விட்டு நடந்து வந்தான். ஒருத்தன் எந்தப் பக்கமும் இல்லை என்றான். மீதி ஓட்டு நான்குக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது.

ஆறு பேரும் ஓடினார்கள்.

தேர் சரிவில் இறங்கினால் எப்படி இருக்கும், அப்படி ஓடினார்கள். கீழமுத்தூர்க்காரர்கள் விலகி வழி விட்டார்கள். பந்து எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கோலுக்கு முன்னால் ஒருவன் கால் தடுக்கியது. அவனோடு ஐந்து பேரும் விழுந்து, ஒரு மூட்டையாக உருண்டு வலைக்குள் போனார்கள். போகிற போக்கில் மூட்டைக்குள்ளிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். செல்வின் மட்டைச் சத்தம்தான். அவ்வளவு நெருக்கடியிலும் நாற்பத்தைந்தாயிரத்துக்கு உழைத்துவிட்டான்.

நடுவர் வந்து ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்த்தார். ஆறாவது ஆளுக்கு அடியில், கோட்டுக்கு உள்ளே, பந்து இருந்தது.

ஒன்றுக்கு ஜீரோ. ஊசிக்குளம் ஜெயித்துவிட்டது. கொம்பையா அழுதார். வெயிலுகந்தானும் அழுதுகொண்டே ‘தலைவர் அழுதார்’ என்று நோட்டில் எழுதினார். செல்வினும் சிரித்துவிட்டான். ஆயிரம் கோல் அடித்திருக்கிறான், ஒரு கோலுக்காக ஊரே அழுது அவன் பார்த்ததில்லை.

“சரி அண்ணாச்சி, அவுத்து விடுங்க. நாளைக்கு நான் பொண்ணு பாக்கப் போகணும்.”

“இருங்க தம்பி. சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்.”

எபனேசர் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார். வருகிற ஞாயிறு என்றார் கொம்பையா.

“ஜெயிச்ச டீமைக் கலைச்சிராதீங்க. அது வரைக்கும் அப்படியே இருக்கட்டும்” என்றார். வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பாளையங்கோட்டை பஸ்ஸில் ஆறு பேர் பக்கவாட்டாக ஏறினார்கள். கண்டக்டர் ஆறு டிக்கெட்டும் ஒரு லக்கேஜும் போட்டார். லக்கேஜ் எது என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

பெண் வீட்டில் சோபாவில் மூன்று பேர், சோபாவின் கையில் இரண்டு பேர், தரையில் ஒருவனாக உட்கார்ந்தார்கள். பெண்ணின் அப்பா ஞானமுத்து தபால் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். விதவிதமான கட்டுகளைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மரியாதைக்காக எதுவும் கேட்காமல் இருந்தார்.

ஜெசிந்தா காபித் தட்டோடு வந்தாள். வரிசையாக ஆறு பேருக்கும் காபி கொடுத்தாள். செல்வின் வெட்கத்தில் தலையைக் குனிந்தான். கயிறு இழுத்ததால் ஐந்து பேரும் குனிந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

உள்ளே கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. ஞானமுத்து வெளியே வந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“பொண்ணுக்குச் சம்மதம். நீங்க கட்டிக்கிடுறதுக்குச் சம்மதமான்னு சொல்லிட்டா நல்லது.”

செல்வின் வாயைத் திறப்பதற்குள் சீனிராஜ் கையை உயர்த்தினான். ஆறு தலைகளும் ஒன்றாகச் சேர்ந்தன. கேப்டன் என்ற முறையில் அவன் எல்லோரிடமும் கேட்டான். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தான்.

“கட்டிக்கிடுறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்க மாமா. ஆனா பொண்ணு ரைட்ல ஆடுமா, லெஃப்ட்ல ஆடுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. கயிறு லெஃப்ட்லதான் கொஞ்சம் மிச்சம் இருக்கு.”