மூடிகளுக்குச் சந்தனம்

"அல்லிமுத்துவை இன்னைக்கே வெளியே அனுப்பிடுங்கம்மா. இல்லேன்னா நான் கிளம்பறேன்."

தெய்வசிகாமணிக்கு மூச்சு வாங்கியது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட வயதில் மிக இளையவரான நிறைமதி அம்மாவைக் குருவாக ஏற்று மடத்துக்கு வந்திருந்தார். அலுவலக அறையும் அதன் சாவியும் அவர் பொறுப்பு.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

மடத்து நிலத்தின் மூலப்பத்திரத்தைக் காணோம். இன்று அதைக் கோர்ட்டில் காட்டாவிட்டால் அன்னதானக் கூடம் இருக்கும் இடம் கைவிட்டுப் போகும். வக்கீல் வாசலில் காரை அணைக்காமல் காத்திருக்கிறார்.

அல்லிமுத்து திருட்டு வழக்கில் சிறைக்குப் போய் வந்தவன். அம்மாதான் அவனை மடத்தில் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்தே தெய்வசிகாமணி அவன்மேல் ஒரு கண் வைத்திருந்தார்.

காலையில் எல்லோரும் பார்க்க அவன் பையைக் கூடத்தில் கொட்டித் தேடினார். பழைய சட்டையும் சோப்பும்தான் விழுந்தன. எங்கோ விற்றுத் தொலைத்துவிட்டான் என்று முடிவு கட்டினார்.

"எங்க வச்சிருந்தீங்க?" என்றார் அம்மா.

"மூலம்னு எழுதின பெட்டியிலதான். இப்போ அதுல வெறும் நகல் கிடக்குது. மாத்தி வச்சுட்டு அசலைச் சுருட்டியிருக்கான். தொழில் தெரிஞ்சவன்ல."

"அந்தப் பெட்டியைக் கொண்டாங்க. நகல் பெட்டியையும்."

நகல் பெட்டி எதற்கு என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் ஹாரன் அடித்தது. முணுமுணுத்தபடியே இரண்டையும் தூக்கி வந்தார்.

ஒரே கடையில் வாங்கிய அட்டைப்பெட்டிகள். ஒரே அளவு, ஒரே பழுப்பு. மூடிகள் தனியே கழன்று வருபவை. மூடியின் விளிம்பில் தடித்த மார்க்கரில் ஒன்றில் 'மூலம்' என்றும் மற்றதில் 'நகல்' என்றும் அவரே எழுதியிருந்தார். எழுத்துக்கு மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

அம்மா இரண்டு மூடிகளையும் கழற்றினார். இதன் மூடியை அதற்கும், அதன் மூடியை இதற்கும் போட்டு மூடினார்.

"இப்போ மூலத்தைத் திறங்க."

தெய்வசிகாமணி திறந்தார். மூலப்பத்திரத்தின் முத்திரைத்தாள் மேலாகவே இருந்தது.

ஆயுத பூஜை அன்று சந்தனம் வைக்க மூடிகளையெல்லாம் கழற்றியவர் அவர். ஈரம் காய முற்றத்தில் பரப்பியவர் அவர். திரும்ப மூடியவரும் அவரேதான். வேறு யாரையும் கிட்டே வரவிடவில்லை. மூடியில் எழுதியிருந்ததை நம்பினாரே தவிர, நகல் பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பத்திரத்தை வாங்கிக்கொண்டு வக்கீல் பறந்தார். நிலம் தப்பியது. தெய்வசிகாமணிக்கு மட்டும் மனபாரம் இறங்கவில்லை.

அம்மா ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. வெண்டைக்காய்க்குத் திரும்பிவிட்டார். அது தெய்வசிகாமணியை இன்னும் சுட்டது.

அல்லிமுத்துவை அவரே கூப்பிட்டார். அவன் பையைக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். நடந்ததைச் சொல்லி, தப்பு தன்னுடையது என்றார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினார். இதோடு மனபாரம் இறங்கிவிடும் என்று நினைத்தார்.

"இனிமே அந்த ரூமை நீயே பார்த்துக்கப்பா."

அல்லிமுத்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாங்கய்யா. நாளைக்கு வேற ஒண்ணு காணாமப் போனா, யார் பையைக் கொட்டுவீங்க?"

தெய்வசிகாமணி அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றார் அம்மா. "கேட்டது அவன்."